தறி அதுவே, அட்டை வேறு: லினக்ஸைத் தொட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சின்னதாகக் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பா, 2025 அக்டோபர் கடைசியில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். துக்கம் விசாரிக்கும் குரல். "என் கம்ப்யூட்டருக்கு ஆயுள் முடிந்துவிட்டதாமே கண்ணு? திறந்தாலே அப்படித்தான் எழுதிக் காட்டுகிறது. கடையில் கேட்டால், இதைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள் என்கிறார்கள்."

பத்து வருடத்துக் கணினி அது. 4 ஜிபி ராம், அதாவது மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நிற்கும் நினைவகம். அதில் தோட்டக் கணக்கு எழுதுவார், மிளகு விலை பார்ப்பார், வெளியூரில் படிக்கும் பேத்தியோடு வீடியோவில் பேசுவார். நேற்று வரை ஓடியது, இன்றும் ஓடுகிறது. அதற்குள் ஓடும் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. தனியாகப் பதிவு செய்துகொள்பவர்களுக்கு அன்றிலிருந்து ஓராண்டு தவணை தந்தார்கள். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்குத் தாவலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. கணினியின் மூளையான செயலி பத்து வருடத்துப் பழசு என்றால், பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சித்தப்பாவின் பெட்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது சித்தப்பா. விண்டோஸுக்குத்தான் காலம் முடிந்தது" என்றேன்.

"இரண்டும் ஒன்றுதானே?" என்றார்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் பற்றி விளக்கக் கிளம்புகிற பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். கேட்பவர் இங்கேயே நின்றுவிடுகிறார். ஆகவே நானும் இங்கேயே கொஞ்சம் நிற்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சேலம் அம்மாபேட்டையில். வீட்டுக்குள்ளேயே பட்டுத்தறி. தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து அதிலிருந்து மாலைபோலத் தொங்கவிட்டிருப்பார்கள். அப்பா மிதிக்க மிதிக்க ஒவ்வோர் அட்டையாகத் திரும்பும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை மேலே எழும். துளை இல்லாத இடத்தில் இழை அசையாது. வேட்டிக் கரையில் மயில் வருமா மாங்காய் வருமா என்பது அப்பாவின் கையிலும் இல்லை, தறியின் மரத்திலும் இல்லை, அட்டையில் இருக்கிறது. அட்டைக்கட்டை அவிழ்த்து வேறொன்றைக் கட்டினால், அதே தறியில் மயில் போய் மாங்காய் வரும். 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் வடிவமைத்த ஏற்பாடு இது. கணினிக்கு முன்னோடியான பொறியைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ், துளையட்டை என்ற யோசனையை இந்தத் தறியிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். எனவே கணினிக்குத் தறியை உவமை சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. இரண்டும் பங்காளிகள்.

செயலி, நினைவகம், வன்தட்டு, திரை, விசைப்பலகை எல்லாம் தறியின் மரமும் இரும்பும். அவற்றை "நீ எழு, நீ படு" என்று ஆட்டிவைக்கிற அட்டைக்கட்டுக்குத்தான் இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் ஓர் அட்டைக்கட்டு. லினக்ஸ் இன்னொன்று. கடையில் வாங்கும்போதே விண்டோஸைக் கட்டிக் கொடுத்துவிடுவதால், அதையும் தறியின் ஓர் உறுப்பு என்றே பாதிப்பேர் நினைத்திருக்கிறோம்.

அடுத்து, லினக்ஸை ஏன் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள் என்பது. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளாக அவர்கள் விளக்கம் சொல்லிச் சலித்துப்போயிருக்கிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. கோயிலில் தொன்னையில் தரும் பொங்கல் இலவசம். அதன் பக்குவத்தை மடைப்பள்ளியில் கேட்டால் சொல்வார்களா என்பது வேறு விஷயம். பக்குவத்தையும் சொல்லி, "உன் வீட்டிலும் செய், மிளகைக் கூட்டிக்கொள், பக்கத்து வீட்டுக்கும் கொடு, காசுக்கு விற்றாலும் எனக்குச் சம்மதம்" என்று சொன்னால் அது கட்டற்ற பொங்கல்.

தறிக்கே திரும்புகிறேன். அட்டையில் துளை போடுவதற்கு முன், புட்டாவைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். அந்தத் தாளைப் பார்த்தால் மயிலின் கழுத்து எது, தோகை எது என்று குழந்தைக்கும் தெரியும். வெட்டி முடித்த அட்டையைப் பார்த்தால் வெறும் ஓட்டைகள்தான். மயிலின் கழுத்தை நீட்ட வேண்டுமானால் தாள் வேண்டும். மென்பொருளுக்கும் இப்படி ஒரு தாள் உண்டு. அதற்கு மூலநிரல் என்று பெயர். விண்டோஸ் வாங்குபவருக்கு அட்டைதான் கிடைக்கும், தாள் நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கும். லினக்ஸில் தாளையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். சித்தப்பா ஒருநாளும் அந்தத் தாளைத் திறந்து பார்க்கப்போவதில்லை, நானும்தான். ஆனால் உலகத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். ஒரு நிறுவனம் கடையைச் சாத்தினாலும் தாள் ஊரில் இருக்கிறது; வேறொருவர் எடுத்து அட்டை வெட்டலாம்.

இதற்கு வித்திட்டவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். யாரும் பயன்படுத்தலாம், படித்து மாற்றலாம், நகலெடுத்துத் தரலாம், மாற்றியதையும் தரலாம் என்ற நிபந்தனையில் ஒரு முழு இயங்குதளத்தை எழுதப்போவதாக 1983-ல் அறிவித்து, அதற்கு க்னூ என்று பெயர் வைத்தார். கருவிகள் ஒவ்வொன்றாகத் தயாராயின; வன்பொருளோடு நேரடியாகப் பேசும் நடுப்பகுதியான கர்னல் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒன்றை எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது பொழுதுபோக்குதான், பெரிதாக எல்லாம் வளராது என்றும் இணையத்தில் எழுதினார். அவருக்கு அப்போது வயது 21. ஆரூடம் பொய்த்தது. உங்கள் சட்டைப் பையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதன் கர்னல் லினக்ஸ்தான். உலகின் அதிவேக மீக்கணினிகள் 500-ஐ வரிசைப்படுத்தும் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸில் ஓடுகின்றன. இதையெல்லாம் சொன்னபோது சித்தப்பா அசரவில்லை. "அதெல்லாம் சரி, மிளகு விலை தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன்.

லினக்ஸ் என்று தேடத் தொடங்கியதும் புதியவர்களைப் பயமுறுத்துவது பெயர்களின் கூட்டம். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, இன்னும் நூற்றுக்கணக்கில். எது உண்மையான லினக்ஸ் என்று கேட்பார்கள். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஐந்து ரோட்டில் சாயங்காலம் தட்டுவடை செட் விற்கும் வண்டிகளைப் பாருங்கள். எல்லா வண்டியிலும் அடிப்படை ஒன்றே: இரண்டு தட்டுவடை. நடுவில் வைக்கும் பீட்ரூட் துருவலும் வெங்காயமும் இரண்டு வகைச் சட்னியும்தான் வண்டிக்கு வண்டி மாறும். ஒருவர் காரத்தில் தாராளம், ஒருவர் பூண்டில். லினக்ஸ் கர்னலும் க்னூ கருவிகளும் தட்டுவடை. அதற்கு மேல் திரைத் தோற்றம், மென்பொருள்கள், அமைப்புகள் எல்லாம் சேர்த்து ஒரு செட்டாகக் கட்டித் தருவதுதான் வழங்கல். டெபியன் 1993-ல் தொடங்கியது. அதை எடுத்துத் தங்கள் பக்குவத்தில் 2004-ல் கொடுத்தவர்கள் உபுண்டுக்காரர்கள். உபுண்டுவை எடுத்து இன்னும் கொஞ்சம் பதமாக 2006-ல் கொடுத்தது லினக்ஸ் மின்ட். ஒருவர் வண்டியிலிருந்து இன்னொருவர் எடுத்து விற்பதை இங்கே யாரும் திருட்டு என்று சொல்வதில்லை, அனுமதியே அதற்குத்தான்.

சேலத்தில் பல வீடுகளில் பரணில் ஒரு மடிக்கணினி கிடக்கும், 2011 முதல் மாணவர்களுக்கு அரசு கொடுத்தது. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு செய்த இந்திய வழங்கல். திறக்கும்போது இரண்டு பெயர் வரும், பிள்ளைகள் பழக்கமானதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். லினக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே லினக்ஸ் தெரியாமல் கல்லூரி முடித்தவர்கள் என் சொந்தத்திலேயே நாலு பேர் தேறுவார்கள்.

முதன்முறை தொடுகிறவருக்கு என் சிபாரிசு லினக்ஸ் மின்ட். கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் கைப்பழக்கம் வீணாகாது. அதிலேயே மூன்று தோற்றங்கள் உண்டு. 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய தோற்றம் போதும். 8 ஜிபி இருந்தால் சினமன். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். இதற்கு மேல் வழங்கல்களை ஒப்பிட்டுக்கொண்டு இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டாம். அது ஒரு வியாதி, எனக்கு வந்து போயிருக்கிறது.

இனி முக்கியமான இடம். "போட்டுப் பார்க்கலாம், ஆனால் இருப்பதெல்லாம் அழிந்துவிடுமே" என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சோதித்துப் பார்ப்பதும் நிறுவுவதும் இரண்டு தனித்தனிக் காரியங்கள். முதலாவதைச் செய்ய இரண்டாவது தேவையே இல்லை. ஒரு பெண்டிரைவில் லினக்ஸை எழுதிக்கொண்டு, வன்தட்டை விட்டுவிட்டு அந்தப் பெண்டிரைவிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். இயங்குதளம் பெண்டிரைவிலிருந்து ராமுக்கு ஏறி ஓடும். இதற்கு லைவ் முறை என்று பெயர். பழைய அட்டைக்கட்டை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, புதியதைத் தொங்கவிட்டு நாலு முழம் நெய்து பார்ப்பது போல. பிடிக்கவில்லையா, கணினியை அணைத்துப் பெண்டிரைவை உருவிவிட்டால் ஆணியில் இருந்த பழைய அட்டை அதே இடத்தில் வந்து நிற்கும்.

பெண்டிரைவைத் தயார் செய்ததை அப்படியே சொல்கிறேன். மலையில் மூடுபனியோடு சேர்ந்து இணையமும் கரைந்துவிடுகிற நாட்கள் உண்டு என்பதால் எல்லாவற்றையும் சேலத்திலேயே முடித்துக்கொண்டேன். மின்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பு கிடைக்கும். ஏறத்தாழ 3 ஜிபி. அதே பக்கத்தில் ஒரு நீண்ட சரிபார்ப்பு எண்ணுக்கான இணைப்பும் இருக்கும். இறக்கிய கோப்பிலிருந்து அதே எண் வருகிறதா என்று ஒப்பிட்டுவிடுங்கள். பாதியில் அறுந்துபோன பதிவிறக்கம்தான் புதியவர்களின் பல "லினக்ஸ் சரியில்லை" கதைகளுக்கு மூலம். அடுத்து 8 ஜிபி பெண்டிரைவ் ஒன்று. அதில் இருப்பதெல்லாம் அழியும், கல்யாண வீடியோ இருந்தால் முதலில் வேறெங்காவது எடுத்து வையுங்கள். ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணமாகப் பெண்டிரைவில் நகலெடுத்தால் வேலை செய்யாது. பலரும் சறுக்கும் இடம் இது. விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன இலவச மென்பொருளைத் திறந்து, கோப்பையும் பெண்டிரைவையும் காட்டி, தொடங்கு என்று சொன்னால் அது முறைப்படி எழுதிக் கொடுக்கும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை.

மறுநாள் காலை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி நாகலூர் போய்ச் சேர்ந்தேன். காப்பி குடித்துவிட்டுப் பெண்டிரைவைச் செருகிக் கணினியைத் தொடங்கினேன். விண்டோஸ் வந்தது. சித்தப்பா என்னைப் பார்த்தார்.

கணினி தானாகப் பெண்டிரைவைத் தேடாது, நாம் சொல்ல வேண்டும். தொடங்கும் அந்த முதல் இரண்டு மூன்று விநாடிகளில், தயாரிப்பாளரின் பெயர் திரையில் தெரியும்போதே, ஒரு குறிப்பிட்ட விசையை விடாமல் தட்ட வேண்டும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. வேறு சிலவற்றில் எஃப்8 அல்லது எஸ்கேப். சரியான நேரத்தில் தட்டினால், எதிலிருந்து தொடங்கட்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் பெண்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் இன்னொரு சூட்சுமம்: விண்டோஸில் "ஷட் டவுன்" கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை, வேகத் தொடக்கம் என்ற வசதிக்காக அரைத் தூக்கத்தில் இருக்கும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் உண்மையாக அணைந்து எழும். மூன்றாவது முயற்சியில் மின்டின் அடையாளம் திரையில் வந்தது. பிறகு மேசை, மெனு, ஃபயர்பாக்ஸ் உலாவி.

"அழித்துவிட்டாயா?" என்றார். இல்லை என்று வன்தட்டைத் திறந்து அவருடைய கோப்புகளைக் காட்டினேன். லைவ் முறையிலிருந்தும் வன்தட்டின் கோப்புகளைத் திறக்கலாம். ஆகவே நீங்களாகப் போய் அங்கே எதையாவது அழித்தால் அது நிஜமாகவே அழியும். தானாக எதுவும் ஆகாது, அவ்வளவுதான் உத்தரவாதம்.

லைவ் முறையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். சுவர்ப்படத்தை மாற்றி மாற்றி அழகு பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பார்க்க வேண்டியது உங்கள் தறியும் இந்த அட்டையும் ஒத்துப்போகின்றனவா என்பதை. வைஃபை பிடிக்கிறதா? ஒலி வருகிறதா, மைக்கும் கேமராவும் எழுகின்றனவா? மடிக்கணினி என்றால் மூடித் திறந்தபின் உறக்கத்திலிருந்து விழிக்கிறதா? பிரிண்டர் ஒரு தாளாவது அடித்துக் கொடுக்கிறதா? புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் கேட்காமலே வேலை செய்யும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் உழைத்துத் தேய்ந்த சில பழைய லேசர் பிரிண்டர்கள் அடம் பிடிக்கும். வேகத்தை மட்டும் இப்போது எடைபோட வேண்டாம். எல்லாம் பெண்டிரைவிலிருந்து வருவதால் மந்தமாகத்தான் இருக்கும். வன்தட்டில் நிறுவியபின் அந்த மந்தம் இராது.

சித்தப்பாவின் கணினியில் ஒலி, பிரிண்டர் இரண்டும் முதல் தடவையே பேசின. யுஎஸ்பியில் செருகும் மலிவான வைஃபை குச்சி பேசவில்லை. அதன் தயாரிப்பாளர் லினக்ஸுக்கு டிரைவர், அதாவது அந்தக் குச்சியை இயக்கும் நிரல், எழுதவில்லை, அட்டைக்குள் அந்த இழைக்குத் துளை போடப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போனைக் கேபிளில் செருகி அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தேன். அது எந்த லினக்ஸிலும் பெரும்பாலும் உடனே வேலை செய்யும். நினைவில் வையுங்கள், ஒருநாள் கைகொடுக்கும்.

தமிழ் எழுத்துகள் எதுவும் செய்யாமலே சரியாகத் தெரிந்தன. தட்டச்சுக்குத்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்று பார்த்ததும் சேர்த்துவிடாதீர்கள். அதில் எழுத்துகளின் இடம் இருக்கும், புள்ளியைத் தானாக வைக்கும் புத்தி இருக்காது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் சேர்த்து, அதில் வரும் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தால்தான் கை பழகியபடி ஓடும். ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கும் அங்கேயே வழி உண்டு.

நான் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வருவதற்குள் சித்தப்பா லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளைத் திறந்து ஆட்களின் கூலிக் கணக்கை அரைப்பக்கம் அடித்து வைத்திருந்தார். பெருமையோடு அணைத்தும் விட்டார். திரும்பத் தொடங்கியபோது கணக்கு இல்லை. லைவ் முறையில் நீங்கள் செய்வதெல்லாம் ராமில் எழுதும் எழுத்து; மின்சாரம் போனால் அதுவும் போகும். சேர்த்த வைஃபை கடவுச்சொல், மாற்றிய சுவர்ப்படம், அடித்த கணக்கு எல்லாம் போகும். இதை நான் முதலிலேயே சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார். வேண்டுமானால் பெண்டிரைவிலேயே ஒரு பகுதியை நிலையான சேமிப்புக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். உபுண்டு வகைகளுக்கு ரூஃபஸில் அதற்கென ஒரு நகர்த்தும் கோல் இருக்கிறது.

லினக்ஸ் எல்லோருக்கும் என்று பிரசாரம் செய்பவன் அல்ல நான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் மாறட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அவர் தொழில் முழுவதும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வைன் என்ற இடைநிரலை வைத்து ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வரி கட்டும் கடைசி நாளன்று அது முரண்டு பிடித்தால் அந்தச் சொன்னவர்கள் வந்து நிற்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களும் யோசிக்க வேண்டும்: இருபது ஆண்டு வேலை பேஜ்மேக்கரிலும் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களிலும் குவிந்திருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், ஜிம்ப் போன்ற கட்டற்ற கருவிகளே போதும்; பழைய சுமை உள்ளவருக்கு அந்தப் பதில் உதவாது. இணையம், மின்னஞ்சல், வீடியோ, கடிதம், கணக்குத் தாள் என்று முடிகிற வீட்டுக் கணினிக்கோ தயங்கக் காரணமே இல்லை.

நிறுவுவது பற்றிச் சொல்வதற்கு முன் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2014 வாக்கில், லினக்ஸ் தலைக்கேறியிருந்த காலம். அத்தை மகனின் மடிக்கணினியில் உபுண்டு போட்டுத் தருவதாக நானே வலியப் போய் உட்கார்ந்தேன். நிறுவும் நிரல் கேட்டது: விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவட்டுமா, வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவட்டுமா? வாய் அவனோடு பேசிக்கொண்டிருந்தது, விரல் இரண்டாவதை அழுத்தியது. எச்சரிக்கை வந்தது. அதையும் படிக்காமல் சரி என்றேன். அவனுடைய கல்லூரி இறுதியாண்டு ஆய்வறிக்கையும், அக்கா கல்யாணப் படங்களும் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தன. நிரலைக் குறை சொல்ல முடியாது. இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் செய்தது. அத்தை இன்றும் என் முன்னால் எந்தக் கணினியையும் திறந்து வைக்க மாட்டார்.

அதன் பிறகு நான் கடைப்பிடிப்பது இது. லைவ் முறையில் ஒரு வாரமாவது பழகிய பின்பே நிறுவுவது. அதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த வட்டை உருவிப் பீரோவில் வைத்துவிடுவது. விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் வட்டைப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்வது. தொடக்க அமைப்புகளில் கைவைத்தால் விண்டோஸ் திடீரென்று அந்தச் சாவியைக் கேட்கும். லினக்ஸுக்கு வேண்டிய இடத்தை விண்டோஸிலிருந்தே சுருக்கி ஒதுக்குவது. மின்டுக்கு 20 ஜிபி குறைந்தபட்சம், வசதியாக இருக்க 100. மின்வெட்டுக்கு யுபிஎஸ் இருக்கிறதா, மடிக்கணினி என்றால் மின்கலம் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பது. பாதி நிறுவலில் மின்சாரம் போனால் இரண்டு அட்டையும் சிக்கிக்கொள்ளும். பிறகு, பக்கத்தில் நிறுவு என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, பேசாமல் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படிப்பது. அரை மணி நேரம் போல ஆகும். முடிந்தபின் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் லினக்ஸா விண்டோஸா என்று ஒரு பட்டியல் கேட்கும்.

நிறுவியவர்கள் மறக்க வேண்டிய ஒரு விண்டோஸ் பழக்கம் உண்டு: மென்பொருள் வேண்டுமென்றால் இணையத்தில் தேடி, கண்ணில் பட்ட தளத்திலிருந்து இறக்குவது. இங்கே வழங்கலே ஒரு களஞ்சியம் வைத்திருக்கிறது; போனில் பிளே ஸ்டோர் போல மென்பொருள் மேலாளரைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். இதில் வசதியைவிடப் பாதுகாப்பு பெரிது. லினக்ஸுக்கு வைரஸே வராது என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம். களஞ்சியத்திலிருந்தே எடுப்பது, திருத்தங்களை வந்த அன்றே ஏற்றுவது, கடவுச்சொல் கேட்டால் ஏன் கேட்கிறது என்று ஒரு விநாடி யோசிப்பது, இந்த மூன்றும் இருந்தால் வீட்டுக் கணினிக்குத் தைரியமாக இருக்கலாம்.

கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அன்றாட வேலைக்கு வேண்டாம். ஏதாவது கோளாறு என்று உதவி தேடும்போது மட்டும், இந்த வரியை ஒட்டு என்று யாராவது சொல்வார்கள். பொருள் தெரியாத வரியை ஒட்டாதீர்கள். தமிழிலேயே படிக்க வேண்டுமானால் கணியம் என்ற இதழில் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

சித்தப்பா இன்னும் நிறுவவில்லை. "பழம் எடுத்து முடியட்டும், களத்தில் காய்ந்து மூட்டை ஏறட்டும், அதுவரைக்கும் கணக்கு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்" என்றார். நியாயம்தான். இதற்கிடையே நிலையான சேமிப்போடு வேறொரு பெண்டிரைவ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைக் களத்துச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறார். பேத்தியோடு பேசவும் மிளகு விலை பார்க்கவும் அதைச் செருகுகிறார், கூலிக் கணக்குக்கு உருவிவிடுகிறார். வைஃபை குச்சி மட்டும் புதிதாக ஒன்று வாங்கினார், லினக்ஸில் ஓடும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததைக் கடைக்காரரிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டபிறகு.